காலில் திறமை இருக்கு... கட்டுப்பாடு யார் கையில்?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்)



"திறமை இருக்கு, ஆனா ஒழுக்கம் இல்லப்பா!" கால்பந்து பார்க்கிற நாலு பேர் ஒரு இடத்தில் கூடினால் இந்த வாக்கியம் வராமல் இருக்காது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் மூன்று பேரை வெட்டி ஏமாற்றி ஒரு கோல் போட்டால், "அடுத்த மெஸ்ஸி வந்துட்டான்டா" என்று குதிக்கிறோம. அதே பையன் ஒரு பார்ட்டியில் நிற்கும் படம் வெளிவந்தால், "அவ்வளவுதான், ஆட்டம் குளோஸ்" என்று தீர்ப்பும் நாமே எழுதிவிடுகிறோம்.

ஸ்பெயின் நாட்டின் லமீன் யமாலை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-ல் பிறந்தவர். நம்மில் பலருக்குத் தம்பி வயது, சிலருக்குச் சம வயது. 2024 யூரோ கோப்பையில் பிரான்சுக்கு எதிரான அரையிறுதியில் அவர் போட்ட கோலை யாரும் மறந்திருக்க முடியாது. யூரோ வரலாற்றிலேயே மிக இளம் வயதில் கோல் போட்டவர் அவர்தான். பதினேழாவது பிறந்தநாளுக்கு அடுத்த நாள் கோப்பையைக் கையில் ஏந்தினார். அந்தப் போட்டி நடந்தபோதே பள்ளிப் பாடங்களையும் படித்துப் பாஸ் ஆனார் என்று செய்தி வந்தது. "ஆகா, என்ன பொறுப்பான பையன்!" என்றோம். சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 ஜூலையில், பதினெட்டாவது பிறந்தநாளை அவர் கொண்டாடிய விதம் ஸ்பெயினில் பெரிய சர்ச்சையானது. உயரம் குறைந்த மனிதர்களை விருந்தில் வேடிக்கைக்கு வைத்தது தவறு என்று மாற்றுத்திறனாளிகள் அமைப்பினர் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் நம்மவர்கள் அதோடு நின்றார்களா? "இவனும் வீணாப் போயிடுவான்" என்று ஜோசியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

பதினெட்டு வயதில் ஒருவன் வாழ்க்கைக்கே தீர்ப்பு எழுதலாமா? எனக்கும் பதினெட்டு வயதுதான் என்பதால் இந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைக்கிறது. இளம் நட்சத்திரங்களுக்கு ஜெயிக்கிற அளவுக்கு ஒழுக்கம் இருக்கிறதா, இல்லையா? இதைப் பற்றி எனக்குத் தோன்றியதை உங்கள் முன் வைக்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் மெஸ்ஸில் வந்து சண்டை போடலாம்!

வீணாய்ப் போன தங்கங்கள்

முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தையே எடுத்து வைக்கிறேன். ஏனென்றால் அதிலும் உண்மை இருக்கிறது.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்த ஜார்ஜ் பெஸ்ட், 1963-ல் பதினேழு வயதில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு ஆடினார். 1968-ல் அந்த அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அதே வருடம் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அப்போது வயது இருபத்திரண்டு! ஒரு சினிமா நட்சத்திரம் மாதிரி அவரைக் கொண்டாடினார்கள். அப்புறம்? குடி, கேளிக்கை, பயிற்சிக்கு மட்டம். 1974-ல் இருபத்தேழு வயதில் யுனைடெட்டை விட்டு வெளியேறினார். 2002-ல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்தும், 2005 நவம்பர் 25 அன்று ஐம்பத்தொன்பது வயதில் காலமானார். ஒரு ஆட்டக்காரன் முழுசாகப் பழுக்கிற வயது இருபத்தேழு என்பார்கள். அந்த வயதில் இவர் பெரிய மேடையை விட்டே இறங்கிவிட்டார்.

இங்கிலாந்தின் பால் கேஸ்காய்ன் இன்னொருவர். 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் மஞ்சள் அட்டை வாங்கிவிட்டு அவர் அழுத அழுகையில் ஒரு நாடே சேர்ந்து அழுதது. அடுத்த வருடம், 1991 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். ஆரம்பத்திலேயே தேவையில்லாத ஆவேசத்தில் எதிரணி ஆட்டக்காரர் மேல் பாய்ந்தார். ஒடிந்தது இவருடைய முழங்கால்தான்! ஒரு வருடத்துக்கு மேல் ஆட்டம் இல்லை. 1998 உலகக் கோப்பைக்கு அவரை அணியிலேயே சேர்க்கவில்லை.

இத்தாலியின் மரியோ பாலோடெல்லி 2011-ல் தன் வீட்டுக் குளியலறையில் நண்பர்கள் பட்டாசு கொளுத்த, வீடு தீப்பிடித்துத் தலைப்புச் செய்தி ஆனார். 2012 யூரோ அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல் போட்டதும் அதே பாலோடெல்லிதான். அந்த இரண்டு கோலைப் போட்டவர் தொட்டிருக்க வேண்டிய உயரம் எங்கே, பின்னாளில் அணி மாறி அணி மாறி அலைந்தது எங்கே!

ஆகவே, "திறமை மட்டும் போதும்" என்று யாராவது சொன்னால் அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திறமை ஒருவனை வாசல் வரை கொண்டுவந்து விடும். உள்ளே இருபது வருடம் உட்கார வைப்பது வேறு ஒன்று.

அந்த வேறு ஒன்று எது?

ஒழுக்கம் என்றவுடன் நமக்குத் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொள்வதும், சட்டையை உள்ளே விட்டுக்கொள்வதும்தான் ஞாபகம் வருகிறது. சின்ன வயதிலிருந்து நமக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கால்பந்தில் ஒழுக்கம் என்பது அதுவல்ல. சலிப்புத் தட்டுகிற ஒரே வேலையை, யாரும் பார்க்காத நேரத்திலும், திரும்பத் திரும்பச் செய்வதுதான் அங்கே ஒழுக்கம்.

டேவிட் பெக்காம் எல்லாரும் பயிற்சி முடிந்து போன பிறகும் தனியாக நின்று ஃப்ரீ கிக் அடித்துக்கொண்டே இருப்பார் என்று அவருடைய பயிற்சியாளரே பலமுறை சொல்லியிருக்கிறார். டி.வி.யில் வளைந்து போகிற பந்தைத்தான் நாம் பார்த்தோம். அதற்குப் பின்னால் இருந்த ஆயிரக்கணக்கான சாயங்கால உதைகளை யார் பார்த்தது?

மெஸ்ஸிக்குச் சிறு வயதில் வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு. தினமும் இரவு காலில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஊசியைத் தானே போட்டுக்கொள்ளப் பழகினார் அந்தச் சிறுவன். பதிமூன்று வயதில் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரை விட்டு, கடல் கடந்து பார்சிலோனாவுக்குப் போனார். 2022-ல் கத்தாரில் உலகக் கோப்பையைத் தூக்கியபோது வயது முப்பத்தைந்து. 2004-ல் பார்சிலோனா முதல் அணிக்கு ஆட ஆரம்பித்ததிலிருந்து எண்ணிப் பாருங்கள், பதினெட்டு வருடம்! நாம் பிறந்து வளர்ந்த காலம் முழுக்க ஒரு மனிதன் உச்சத்திலேயே இருந்திருக்கிறார்.

கிறிஸ்டியானோ ரொனால்டோ மடெய்ரா என்ற தீவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் வீட்டைப் பிரிந்து லிஸ்பன் நகரில் ஸ்போர்ட்டிங் அணியின் விடுதியில் சேர்ந்தார். அவருடைய பேச்சுவழக்கைக் கேட்டு மற்ற பையன்கள் கேலி செய்தார்களாம். ஊர்ப் பேச்சு பேசி முதல் வருடத்தில் கிண்டல் வாங்கிய நம் விடுதித் தோழர்களுக்கு இது நன்றாகப் புரியும். அப்பா குடிப்பழக்கம் உள்ளவர், 2005-ல் இறந்து போனார். மகனோ குடியைத் தொடுவதில்லை. நாற்பது வயதிலும் ஓடினார்.

"பார்த்தியா, ரொனால்டோவால முடியுது, மத்தவனால முடியல. அப்ப தப்பு அவனவன் மேலதான?" என்று இங்கேதான் நம் நண்பர்கள் வாதத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இங்கேதான் வாதம் ஆரம்பிக்கிறது.

முதல் தலைமுறைக்காரனின் பாரம்

இந்த நட்சத்திரங்கள் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா?

மரடோனா, புவனஸ் அயர்ஸ் நகரத்து ஓரத்தில் வில்லா ஃபியோரிட்டோ என்ற குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். எட்டுப் பிள்ளைகள் உள்ள வீடு. அப்பா ஒரு கூலித் தொழிலாளி. பதினாறு வயது நிரம்பப் பத்து நாள் இருக்கும்போதே, 1976-ல், அவர் பெரியவர்களுடன் முதல் பிரிவு ஆட்டத்தில் இறங்கினார். மீசை முளைக்காத பையன் தலையில் ஒரு குடும்பத்தின் சோறு! 1986-ல் உலகக் கோப்பை. 1987-லும் 1990-லும் ஏழைகளின் நகரமான நேப்பிள்ஸுக்கு இத்தாலிய லீக் பட்டம். அந்த ஊரில் அவரைச் சாமியாகவே கும்பிட்டார்கள். சாமியிடம் போய் "நீ செய்வது தப்பு" என்று யார் சொல்வார்கள்? 1991-ல் கோகெய்ன் உபயோகித்ததற்காகப் பதினைந்து மாதத் தடை. 1994 உலகக் கோப்பையிலிருந்து பாதியில் வெளியேற்றம். 2020 நவம்பர் 25-ல் மறைந்தார். ஜார்ஜ் பெஸ்ட் இறந்த அதே தேதி!

பிரேசிலின் அட்ரியானோவும் அப்படித்தான். ரியோவின் குடிசைப் பகுதியிலிருந்து இத்தாலியின் இன்டர் மிலான் அணிக்குப் போனவர். அவர் இடது காலால் அடித்தால் கோல்கீப்பர் கை வைக்கவே பயப்படுவார். 2004 கோபா அமெரிக்காவில் ஏழு கோல் போட்டு முதலிடம். கோப்பை வென்ற சில நாட்களிலேயே அவருடைய அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்த மனிதர் பழைய அட்ரியானோ ஆகவே இல்லை. குடி சேர்ந்தது, உடம்பு ஏறியது, 2009-ல் இன்டரை விட்டுப் பிரேசிலுக்கே திரும்பிவிட்டார். "ஒழுக்கமில்லாதவன்" என்று பத்திரிகைகள் எழுதின. அப்பாவைப் பறிகொடுத்த இருபத்திரண்டு வயதுப் பையன் என்று எத்தனை பேர் எழுதினார்கள்?

இங்கிலாந்தின் டெலே அல்லி 2016, 2017 என்று தொடர்ந்து இரண்டு முறை அந்த நாட்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது வாங்கியவர். பிறகு ஆட்டம் சரிந்தது. "சோம்பேறி, விளையாட்டில் கவனம் இல்லை" என்று ஊரே பேசியது. 2023 ஜூலையில் அவர் ஒரு பேட்டியில் மனம் திறந்தார். ஆறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானது, எட்டு வயதில் போதைப்பொருள் விற்கப் போனது, பன்னிரண்டு வயதில் வேறொரு குடும்பம் தத்து எடுத்துக்கொண்டது, வளர்ந்தபின் தூக்க மாத்திரைக்கு அடிமையாகி மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை எடுத்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். அத்தனை வருடம் நாம் "ஒழுக்கக் குறைவு" என்று சொல்லிக்கொண்டிருந்தது ஆறாத ஒரு காயத்தை.

தோழர்களே, என் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். செமஸ்டர் என்றால் என்ன, அரியர் என்றால் என்ன என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. "நல்லாப் படிப்பா" என்பார்கள். எப்படி என்று அவர்களால் சொல்ல முடியாது. அது அவர்கள் குற்றமும் அல்ல. நம்மில் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

அந்த ஆட்டக்காரர்கள் தங்கள் குடும்பத்தில் பணத்தையும் புகழையும் பார்த்த முதல் ஆள். பத்தாயிரம் ரூபாயை எப்படிச் செலவு செய்வது என்றே தெரியாத வீட்டுக்குள் திடீரென்று பத்துக் கோடி வந்து விழுந்தால் என்ன ஆகும்? "வேண்டாம்டா தம்பி, நானும் இந்த வழியாப் போய்த்தான் அடிபட்டேன்" என்று சொல்ல அந்த வீட்டில் ஓர் அண்ணன் கிடையாது. போகாத பாதைக்கு யார் வழி சொல்ல முடியும்? வழி சொல்ல வருபவர்கள் எல்லாம் கமிஷனுக்கு வருபவர்களாக இருக்கிறார்கள்.

பெரியவர்கள் என்ன செய்தார்கள்?

ஃப்ரெட்டி அடு என்ற பெயரை இப்போது பலருக்குத் தெரியாது. கானா நாட்டில் 1989-ல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பையன். 2003-ல் பதினான்கு வயதில் தொழில்முறை அணியில் ஒப்பந்தம்! நைக்கி நிறுவனம் பத்து லட்சம் டாலர் கொடுத்தது. பெலேயுடன் ஒரே விளம்பரத்தில் நடித்தான். "அடுத்த பெலே" என்று அமெரிக்கா முழுக்கப் பேச்சு. நாம் ஒன்பதாம் வகுப்பில் இடைவேளை மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்த வயது அது! பிறகு போர்ச்சுகல், கிரீஸ், துருக்கி, பிரேசில், செர்பியா, பின்லாந்து என்று நாடு நாடாகப் போய், பத்துக்கும் மேற்பட்ட அணிகளில் ஆடி, எங்கும் நிலைக்கவில்லை. இதில் அந்தப் பையனுடைய ஒழுக்கத்தை மட்டும் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்? பூவைப் பிஞ்சாகும் முன்பே பறித்து, சந்தையில் பழம் என்று விற்றவர்கள் பெரியவர்கள் அல்லவா?

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. ரயன் கிக்ஸ் 1991-ல் பதினேழு வயதில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆட வந்தபோது, பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் அவருக்கு இருபது வயது ஆகும்வரை பத்திரிகைப் பேட்டியே கொடுக்க விடவில்லை. கிக்ஸும் லீ ஷார்ப்பும் ஒருமுறை வீட்டில் பார்ட்டி வைத்திருந்தபோது, விஷயம் தெரிந்து ஃபெர்குசன் நேராக அந்த வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டி, உள்ளே இருந்த அத்தனை பேரையும் விரட்டிய கதை இங்கிலாந்து முழுக்கப் பிரபலம். நம் வார்டன் சார் எவ்வளவோ பரவாயில்லை! சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தக் கிக்ஸ் 2014 வரை, நாற்பது வயது வரை ஆடினார். 1995-ல் "சின்னப் பசங்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது" என்று டி.வி.யில் ஒரு பழைய ஆட்டக்காரர் கருத்துச் சொன்னார். அந்த சீசன் முடிவில் லீக் பட்டம், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் அந்தச் சின்னப் பசங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

பார்சிலோனா 1979-லிருந்து லா மாசியா என்ற இடத்தில் சிறுவர்களைத் தங்க வைத்து, பந்தும் பள்ளியும் சேர்த்தே கொடுக்கிறது. மெஸ்ஸி, சாவி, இனியெஸ்டா, இப்போது யமால் என்று எல்லாரும் அந்தப் பாசறையில் வளர்ந்தவர்கள். ஜெர்மனி 2000 யூரோவில் படுதோல்வி அடைந்தபின், முதல் இரண்டு பிரிவு அணிகள் எல்லாம் கட்டாயம் இளையோர் பயிற்சிக்கூடம் நடத்த வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. 2014-ல் உலகக் கோப்பை அவர்கள் கையில்! ஜெர்மன் பையன்கள் எல்லாம் திடீரென்று உத்தமர்களாகப் பிறக்க ஆரம்பித்தார்களா? இல்லை. வளர்க்கும் இடத்தைச் சரி செய்தார்கள்.

மெக்கானிக்கல் மாணவனின் கணக்கு

நம் பாடத்திலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. எஃகைச் சிவக்கச் சூடு பண்ணி, சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கி எடுத்தால் கடினம் ஏறும். ஆனால் அப்படியே விட்டால் அது நொறுங்கும் தன்மையோடு இருக்கும். ஓங்கி ஒரு சம்மட்டி அடி போட்டால் கண்ணாடி மாதிரித் தெறிக்கும். அதனால்தான் மறுபடியும் அளவான சூடு காட்டி, மெதுவாக ஆறவிட்டு டெம்பரிங் செய்கிறோம். அப்போது கடினம் கொஞ்சம் குறையும், ஆனால் அடி தாங்கும் உறுதி வரும். அந்த உளிதான் வருடக்கணக்கில் உழைக்கும்.

பதினேழு வயதில் கிடைக்கும் பேரும் பணமும் அந்தத் திடீர் முக்கல் மாதிரி. பையன் பளபளவென்று மின்னுவான். டெம்பரிங் பண்ணாமல் விட்டால் முதல் பெரிய அடியிலேயே உடைவான். உடைந்த உளியைப் பார்த்து "இரும்பு சரியில்லை" என்று சொல்கிற ஃபிட்டர் நல்ல ஃபிட்டர் அல்ல. சூடு காட்டியது யார், எத்தனை நேரம் காட்டினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

அதற்காக எல்லாப் பழியையும் பெரியவர்கள் தலையில் கட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. எவ்வளவு நல்ல உலையாக இருந்தாலும் உள்ளே இருப்பது எஃகாக இருக்க வேண்டுமே! ஜார்ஜ் பெஸ்ட்டுக்கு மேட் பஸ்பி என்ற அருமையான பயிற்சியாளர் அப்பா மாதிரி இருந்தார். பெஸ்ட் கேட்கவில்லை. நல்ல வார்த்தை சொல்ல ஆள் இருக்கும்போது காதைக் கொடுப்பதும் ஒரு ஒழுக்கம்தான். அதை நமக்காக வேறு யாரும் செய்ய முடியாது.

கெட்டுப்போனவன் திரும்புவானா?

பிரான்சின் ஊஸ்மான் டெம்பேலே 2017-ல் பார்சிலோனாவுக்குப் போவதற்காகத் தன் பழைய அணியான டார்ட்மண்டின் பயிற்சிக்கே வராமல் இருந்து சஸ்பெண்ட் ஆனவர். பத்துக் கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கிய பார்சிலோனாவிலும் காயத்துக்கு மேல் காயம், பயிற்சிக்கு நேரம் கழித்து வருகிறார் என்று புகார், அபராதம். "வீணாப் போன கேஸ்" என்று உலகமே முத்திரை குத்தியது. 2023-ல் பாரிஸ் அணிக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே 2024 அக்டோபரில் ஆர்சனலுக்கு எதிரான முக்கியமான ஆட்டத்துக்கு, கட்டுப்பாட்டுக் காரணத்தால் அவரை அணியிலேயே எடுக்கவில்லை. ஆட்டம் தோற்றது. பயிற்சியாளர் அசரவில்லை. ஆனால் அவரைத் தூக்கியும் எறியவில்லை. நடு ஃபார்வர்டு இடத்தைக் கொடுத்து நம்பிக்கை வைத்தார். அதற்குப் பின் எதிரணிக் கோல்கீப்பர் மேலேயே பாய்ந்து ஓடி நெருக்கடி கொடுக்கும் உழைப்பாளியாக மாறினார் டெம்பேலே. 2025 மே 31-ல் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் 5-0 வெற்றி. அந்த வருடம் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருதும் அவருக்குத்தான். இரண்டாம் இடம் யாருக்குத் தெரியுமா? லமீன் யமாலுக்கு!

இருபது வயதில் "ஒழுக்கமில்லாதவன்" என்று பெயர் வாங்கியவன் இருபத்தெட்டு வயதில் உலகிலேயே சிறந்தவன் ஆகிறான் என்றால், நாம் எழுதும் அவசரத் தீர்ப்புகளுக்கு என்ன மதிப்பு?

பக்கத்து மாநிலத்துக்கு வாருங்கள். கேரளத்தின் ஐ.எம். விஜயன் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன். "திமிரு" படத்திலும் "பிகில்" படத்திலும் நாம் பார்த்த அதே விஜயன்தான். பந்தில் இருந்த திறமையைப் பார்த்துக் கேரள போலீஸ் அணி இளம் வயதிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. சம்பளம், சாப்பாடு, தினசரி பயிற்சி எல்லாம் கிடைத்தது. பின்னாளில் இந்திய அணிக்குக் கேப்டன், 2025-ல் பத்மஸ்ரீ. அந்த வேலை கிடைக்காமல் போயிருந்தால்? எத்தனையோ விஜயன்கள் இன்னும் சோடாதான் விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

நம் மைதானத்தில்...

உலகக் கதையெல்லாம் போதும், நம் கதைக்கு வருகிறேன். நம் கல்லூரி அணியில் லெஃப்ட் விங்கில் ஆடிய நண்பனை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெயர் வேண்டாம். போன வருடம் அரையிறுதியில் அவன் இரண்டு கோல் போட்டபோது தோளில் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தோம். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஊர் ஊராக செவன்ஸ் டோர்னமென்ட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு மேட்சுக்கு ஐநூறு, ஆயிரம் கையில் வந்தது. பாதியை வீட்டுக்கு அனுப்பினான் என்பது எங்களில் இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும். மீதியில் புது பூட்ஸும் போனும் வாங்கினான் என்பது எல்லாருக்கும் தெரியும். அட்டெண்டன்ஸ் குறைந்தது, ரெக்கார்டு நோட்டு நின்றுபோனது. செமஸ்டர் வந்தபோது பரீட்சை எழுத முடியாதவர்கள் பட்டியலில் அவன் பெயர். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

"ஒழுக்கம் இல்லாதவன், அதான் போயிட்டான்" என்று சொன்னார்கள். நான் கேட்கிறேன். மாலை போட்ட அன்றைக்கே அவனைக் கூப்பிட்டு, "தம்பி, இத்தனை நாள் லீவு ஆயிடுச்சு, இன்னும் இத்தனைதான் மிச்சம்" என்று ஒருவர் சொல்லியிருந்தால்? கல்லூரிக்காக ஆடப் போன நாட்களுக்கு ஓ.டி. அந்த வாரமே போட்டிருந்தால்? அவன் வீட்டிலிருந்து இதையெல்லாம் கேட்க ஆள் வராது. அவர்களுக்குக் கேட்கத் தெரியாது. அவனும் முதல் தலைமுறைதான்.

ஆகவே நம் மாணவர் சங்கத்தின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறேன். ஆட்டத்துக்குப் போகும் நாட்களின் ஓ.டி. அந்தந்த வாரமே பதிவாகச் சங்கம் பேச வேண்டும். தவறிய லேப் வகுப்புகளைச் சனிக்கிழமைகளில் திரும்ப நடத்தித் தரச் சொல்லி ஆசிரியர்களைக் கேட்க வேண்டும். அணியில் சேரும் ஒவ்வொரு முதல் வருட மாணவனுக்கும் ஒரு இறுதியாண்டு அண்ணன் பொறுப்பேற்க வேண்டும். அந்த அண்ணன் பந்தையும் பார்க்கட்டும், அரியரையும் பார்க்கட்டும். இதற்குப் பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை, மனசு இருந்தால் போதும்.

ஆடுகிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கைதட்டல் ஒரு நாள் சத்தம், டிப்ளமோ ஒரு ஆயுள் சோறு. காலையில் ஐந்தரைக்கு எழுந்து கிரவுண்டை நாலு சுற்று ஓடுகிறவனால் ஒன்பது மணி வகுப்பில் உட்காரவும் முடியும். கால் உங்களுடையது, அதைக் கட்டுப்படுத்துகிற தலையும் உங்களுடையதுதான். யாராவது அக்கறையோடு கதவைத் தட்டினால் திறந்து விடுங்கள்.

இளம் நட்சத்திரங்களுக்கு ஒழுக்கம் இருக்கிறதா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். ஒழுக்கம் யாருக்கும் பிறவியிலேயே வந்துவிடுவதில்லை. அது ஒருவர் கற்றுக்கொடுத்து, ஒருவர் கற்றுக்கொள்கிற தொழில், லேத்தில் கை பழகுகிற மாதிரி. கற்றுக்கொடுக்க ஆளில்லாதவனைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பதும், கற்றுக்கொடுக்க ஆள் இருந்தும் கேட்காமல் போவதும் ஒரே அளவு தப்பு.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது புதிய முதல் வருட மாணவர்கள் கிரவுண்டில் இறங்கியிருப்பார்கள். அவர்களில் நிச்சயம் ஒரு நல்ல கால் இருக்கும். அந்தக் காலுக்குக் கைதட்டுங்கள் தோழர்களே, கூடவே அவன் ரெக்கார்டு நோட்டையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்!

வாழ்க மாணவர் ஒற்றுமை!